பேனா நின்ற இடம்

கறை என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. பெரிய விடுதி ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை. விரிப்பில் காப்பி, கண்ணாடியில் உதட்டுச்சாயம், தலையணை உறையில் பேனா மை, எதை எப்படித் தேய்த்தால் போகும் என்று அவள் விரல்களுக்கே தெரியும். அதனால்தான் அன்று காலை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்த கணவருக்கு ஈரத்துண்டால் உடம்பு துடைத்துவிடும்போது, அவருடைய இடது முன்கையில் இருந்த நீல மை வட்டத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டாள். சோப்புப் போட்டு, தடமே இல்லாமல்.

துண்டை அலசும்போது தண்ணீர் லேசாக நீலம் காட்டியது. அப்போதுதான் எதைத் துடைத்தோம் என்று அவளுக்கு உறைத்தது.

அந்த வட்டத்தின் கதையைச் சொல்லிவிட வேண்டும். கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். சில மாதங்களுக்கு முன் சங்கிலி நழுவி, தொங்கிய சுமை அவர் வயிற்றில் இடித்துக் குடல் கிழிந்துபோனது. உயிரைக் காப்பாற்றிய டாக்டர்கள், கிழிந்த இடம் ஆறட்டும் என்று குடலைப் பாதி வழியில் வயிற்றுக்கு வெளியே திருப்பி, மலம் சேர ஒரு பையை மாட்டிவிட்டார்கள். அவளுடைய தம்பி பிளம்பர். அவன் அக்காவுக்கு ஆறுதல் சொன்ன விதமே தனி.

"ஒண்ணும் இல்லக்கா. மெயின் லைன்ல ரிப்பேர். அதுவரைக்கும் பைபாஸ் போட்டிருக்காங்க. அப்புறம் ஜாயிண்ட் அடிச்சு மூடிடுவாங்க."

அந்த ஜாயிண்ட்டுக்குத்தான் வீடே காத்திருந்தது. அந்தப் பை சமயம் பார்த்துச் சத்தம் போடும். யாராவது விசாரிக்க வந்து முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் போடும். கேட்டவர்கள் கேட்காததுபோல் ஜன்னலைப் பார்ப்பார்கள். கூட்டத்தில் சிரிப்பு மூட்டுவதே பழக்கமாக இருந்த மனிதர், தனித் தட்டு, தனிக் கட்டில் என்று ஒதுங்கிப்போனார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், மெல்ல நகர்ந்து உட்காருவார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இரண்டாம் அறுவைக்கு ஒருமுறை தேதி கொடுத்துவிட்டு, உடம்பு இன்னும் தேறவில்லை என்று தள்ளிப்போட்டார்கள். தேறியதா இல்லையா என்று பார்க்க வந்தவர்தான் ஆராய்ச்சி டாக்டரம்மா. அடிபட்ட உடம்பும் அறுபட்ட உடம்பும் உள்ளுக்குள் என்ன பாடுபடுகின்றன என்று பார்ப்பதே அவர் வேலை.

"பெரிய அடி பட்டா உடம்பு பதறிப்போய் அடுப்பை ஓங்கி எரிய விடும்மா," என்று அவளுக்குச் சொல்லியிருந்தார். "விறகு பத்தாது. வீட்டுக் கதவு, ஜன்னல் எல்லாத்தையும் உடைச்சுப் போட்டுடும். உங்க வீட்டுக்காரருக்குச் சதை கரைஞ்சது அப்படித்தான். அந்தக் களேபரத்துல வாசல் காவல்காரனும் சோர்ந்து படுத்துடுவான். கிருமி வந்தா விரட்ட ஆள் இல்ல. அந்த நிலைமைல திரும்பக் கத்தி வைக்கச் சர்ஜன் யோசிப்பார்."

இந்த முறை அளப்பதற்கென்றே கணவரை வார்டில் சேர்த்திருந்தார்கள். தட்டில் வைத்த ரொட்டியையும் முட்டையையும் சாப்பிடுமுன் எடைபோட்டார்கள், மிச்சத்தையும் எடைபோட்டார்கள். கைப்பிடி ஒன்றை அமுக்கச் சொல்லிப் பலம் பார்த்தார்கள். தலைக்கு மேல் கண்ணாடிபோல ஒரு கூண்டைக் கவிழ்த்து, விடுகிற மூச்சைப் பிடித்து, அடுப்பு எவ்வளவு எரிகிறது என்று கணக்குப் போட்டார்கள்.

"மாமா, மீன் தொட்டிக்குள்ள உங்க தலை எடுப்பாத்தான் இருக்கு," என்றான் பிளம்பர்.

"உன் தலையை விட்டா தண்ணியே கலங்கிடும் மச்சான்," என்றார் அவர் கூண்டுக்குள்ளிருந்து. பேசியதால் முதலிலிருந்து அளக்க வேண்டியதாயிற்று.

கடைசியாக அந்த வட்டம். சின்ன வயதில் போட்ட தடுப்பூசியை உடம்பு நினைவில் வைத்திருக்கும். அதே சரக்கில் ஒரு துளியைத் தோலுக்குள் ஏற்றினால், தெம்பான உடம்பு 'இவனை எனக்குத் தெரியுமே' என்று இரண்டு நாளில் அங்கே தடித்துக் காட்டும். காவல்காரன் எழுந்துவிட்டான் என்று அர்த்தம். முன்பு பார்த்தபோதெல்லாம் கிரேன்காரரின் கை வாயே திறக்கவில்லை. எடையும் பிடியும் இப்போது சரியாகிவிட்டன. பாக்கி இது ஒன்றுதான். ஊசி போட்ட இடத்தைச் சுற்றி டாக்டரம்மா போட்டதே அந்த நீல வட்டம். இன்று வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

வட்டமோ துண்டோடு போய்விட்டது.

"பேனா இருக்காடா?" என்று தம்பியைக் கேட்டாள். ஓட்டை போடச் சுவரில் குறி போடும் நீலப் பேனாவை அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்தான்.

"எங்கங்க இருந்துச்சு?"

"முழங்கைக்கு ரெண்டு விரல் கீழ," என்றார் கணவர்.

"யார் விரல்?"

"என் கைல இருந்தா என் விரல்தான். பக்கத்து வீட்டுக்காரன் விரலா?"

அவள் வட்டம் போட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, வளையல் வைத்து வரைந்ததுபோல உருண்டையாகப் போட்டாள். மூன்று தலைகளும் குனிந்து பார்த்தன. வட்டத்துக்குள் தோல், இஸ்திரி போட்ட துணி மாதிரி வழவழவென்று இருந்தது. கணவர் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பக்கத்துக் கட்டில் தபால்காரர், இடுப்பெலும்பு மாற்றிப் படுத்திருப்பவர், பத்திரிகைக்குப் பின்னாலிருந்து வாயைத் திறந்தார். "நல்லா நாலு தட்டு தட்டிப் பாருங்க. சிவந்து வரும்."

"தப்பில்லையா?" என்றாள் அவள்.

"சொந்தக் கைதானேம்மா."

பிளம்பர் தட்டினான். மாமா மேல் இத்தனை நாள் வைத்திருந்த பாசத்தையெல்லாம் சேர்த்துத் தட்டினான். அவள் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். பார்க்கவில்லை என்று பிறகு சொல்லலாம் அல்லவா. வட்டம் தக்காளிபோலச் சிவந்தது.

"அரிக்குதா மாமா?"

"நீ அடிச்ச அடிக்கு முதுகு வரைக்கும் அரிக்குது."

டாக்டரம்மா வந்தபோது நால்வரும் பள்ளிக்கூடத்துக் குழு போட்டோவுக்கு நிற்பதுபோல இருந்தார்கள். அவர் கையைப் பார்த்தார். பிளம்பரின் உள்ளங்கையைப் பார்த்தார், அதுவும் சிவந்திருந்தது. சட்டையிலிருந்து பந்துமுனைப் பேனாவை எடுத்தார்.

"சிவப்பைப் பார்த்து நான் ஏமாறக்கூடாதுன்னு ஒரு வழி வெச்சிருக்கோம். தோல்மேல பேனாவை மெல்ல ஓட்டிக்கிட்டே வருவேன். உள்ள கெட்டியா தடிச்சிருந்தா, அந்த ஓரத்துல பேனா தானா முட்டிக்கிட்டு நிக்கும்."

ஓட்டினார். பேனா வட்டத்தின் ஒரு பக்கம் நுழைந்து, எண்ணெய் தடவியதுபோல வழுக்கிக்கொண்டு மறுபக்கம் போய்விட்டது. பக்கவாட்டில் ஓட்டினார். அதுவும் அப்படியே.

"இந்தத் தடவையும் இல்லையா?" என்றார் கிரேன்காரர். குரலில் விளையாட்டு இல்லை. டாக்டரம்மாவைப் பார்க்காமல் தன் வயிற்றைப் பார்த்துக் கேட்டார்.

அவள் கட்டிலருகே வந்தாள். "டாக்டரம்மா, அந்த வட்டம் நீங்க போட்டது இல்ல. உடம்பு துடைக்கும்போது தெரியாம அழிச்சிட்டேன். இது நான் போட்டது."

"அதான பார்த்தேன். நான் போட்டது இவ்வளவு ரவுண்டா இருக்காதே. சிவப்பு?"

"அது நான்," என்றான் பிளம்பர்.

"யோசனை மட்டும் நம்முது," என்றது பத்திரிகை.

டாக்டரம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு, அன்று ஊசி போடும்போது உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தார். கிரேன்காரரின் கையைத் தன் முழங்கால்மேல் நீட்டி வைத்துக்கொண்டு, மணிக்கட்டிலிருந்து மேலே ஒரு கோடு இழுத்தார். ஒன்றுமில்லை. பக்கத்தில் இன்னொரு கோடு. வார்டில் யாரும் இருமக்கூட இல்லை. மூன்றாவது கோடு பாதி தூரம் ஏறியது.

பேனா நின்றது.

எதிர்ப்பக்கத்திலிருந்து இழுத்தார். அங்கும் வந்து முட்டிக்கொண்டு நின்றது. "தொட்டுப் பாருங்கம்மா," என்றார் அவளிடம்.

அவள் தொட்டாள். படுக்கை விரிப்பின் அடியில் சட்டைப் பொத்தான் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி. கண்ணுக்குத் தெரியாமல் தோலுக்குள்ளேயே தடித்திருந்தது; தட்டியதில் கையெல்லாம் அரித்ததால், இது தனியாக அரித்தது அவருக்கே தெரியவில்லை.

"காவல்காரன் எழுந்துட்டானா?" என்று கேட்டாள். கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது.

"எழுந்து பல்லே தேய்ச்சிட்டான். சர்ஜன்கிட்ட சொல்லித் தேதி வாங்கிட்டு வரேன்." அளவுகோலை வைத்து அளந்தார் டாக்டரம்மா. "என் ஆராய்ச்சிலதான் இந்தக் கையைச் சேர்க்க முடியாது. சேர்த்தா வட்டம் அழிஞ்சது, அடி வாங்கினது, எல்லாம் எழுதணும். படிக்கிறவங்க நம்பமாட்டாங்க." பிறகு குரலைக் கடுமையாக்கிக்கொண்டார். "நாளைக்கு இன்னொரு தடவை அளப்பேன். அதுவரைக்கும் யாரும் துடைக்கக்கூடாது, தட்டக்கூடாது, முக்கியமா இவர் சொறியக்கூடாது. நீங்கதான் பொறுப்பு."

சாப்பாட்டுத் தட்டு வருவதற்குள் தேதியும் வந்துவிட்டது, அடுத்த வாரம். பிளம்பர் இந்தச் செய்தியை வீட்டுக்குச் சொல்கிறேன் என்று போனைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனான். அங்கிருந்து அவன் சொன்னது இரண்டு மாடிக்குக் கேட்டது.

"இப்பதாம்மா நிஜமாவே அரிக்குது," என்றார் கணவர்.

"அரிக்கட்டும்."

"லேசா. நகம் படாம. ஒரே ஒரு தடவை."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துப் பை சத்தம் போட்டது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் நகர்ந்துகொள்ளவில்லை.

"நாளைக்கு வரைக்கும் இப்படியேவா?"

"டாக்டர் உத்தரவு."

"அப்ப சாப்பாடு?"

"வாயைத் திறங்க," என்றாள்.