தானாகத் திரும்பிய சக்கரம்

மெஷினில் வைத்து வண்டிச் சக்கரங்களை நேர் பார்க்கிற அவள், பட்டறையில் எல்லோருக்கும் அலைன்மென்ட் அக்கா. அவள் கை வைத்த வண்டி நூல் பிடித்த மாதிரி போகும் என்று பேர். அந்தப் பேரை நம்பித்தான், ஒன்பது நாளைக்கு முன்னால், ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு பேர் பார்க்கப் புருஷனைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் அலைன்மென்ட் பார்த்த வண்டிங்க. மெஷின்ல எல்லாம் பச்சை. அது எப்படி, நீங்க சொல்ற மாதிரி, தானா திரும்பும்? தூங்கிட்டேன்னு ஒத்துக்கோங்களேன்."

உள்ளே, அந்த வண்டியில் கூட வந்த அவள் அப்பா கால் உடைந்து படுத்திருந்தார். ரோட்டில் ஒரு மேடு, ஏறி இறங்குவதற்குள் புருஷன் ஓட்டிய பிக்கப் வண்டி பாலத்துச் சுவரில் போய் மோதியது. புருஷன் சாவியை அவள் கையில் வைத்துவிட்டுப் போனவன்தான், அதற்கப்புறம் எந்த வண்டியையும் தொடவில்லை.

இன்று அந்த வண்டியைத்தான் அவள் பிரித்துப் போட்டிருந்தாள். பார்க்க ஜோராக இருக்கும் என்று, பட்டறை ஓனர் ஸ்பிரிங்கை வெட்டி நாலு அங்குலம் இறக்கிக் கொடுத்த வண்டி. முன்பக்க ஸ்பிரிங் வெளியே கிடந்தது. ஸ்டீயரிங் அசையாமல் இருக்கக் கம்பி கொடுத்துக் கட்டியிருந்தாள். ஷாக் அப்சார்பரை மாட்டுவதற்காகச் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கினாள்.

சக்கரம் மெதுவாக வெளிப்பக்கம் திரும்பியது.

ஜாக்கியிலிருந்து கையை எடுத்தாள். வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. கட்டிய கம்பி கட்டியபடியே இருந்தது. இறக்கினாள், சக்கரம் நேரானது. மறுபடி தூக்கினாள், திரும்பியது. 

கீழே படுத்துப் பார்த்தாள். ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடு, வண்டியை இறக்கியதில் மேல்நோக்கிச் சாய்ந்து நின்றது. சக்கரம் மேலே ஏறினால் அது ஒரு பக்கம் இழுக்கிறது. மேடு வந்தால் போதும், யாரும் திருப்ப வேண்டாம். மெஷின் பார்த்ததெல்லாம் நிற்கிற வண்டியை.

"என்ன தங்கச்சி, வீட்டுக்காரருக்கு வக்கீல் வேலை பார்க்கறியா?" என்று ஓனர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"நீங்களே தூக்கிப் பாருங்கண்ணே."

தூக்கினார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

போன் பண்ணியதும் புருஷன் வந்தான். அவள் ஜாக்கியால் சக்கரத்தைத் தூக்கிக் காட்டினாள். சக்கரம் திரும்புவதைப் பார்த்தவன், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னொரு தடவ தூக்கு."

தூக்கினாள்.

"தூங்கிட்டேன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேம்மா," என்றான். "ராத்திரி படுத்தா, எப்ப கண்ணு சொக்குச்சுன்னு யோசிச்சுட்டே கிடப்பேன்."

 "நான்தாங்க..." என்று ஆரம்பித்தவள், ஜாக்கியை இறக்கினாள். "அப்பாகிட்ட நானே சொல்றேன்."

"அத அப்புறம் சொல்லிக்கலாம்." அவன் இன்னும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இதே மாதிரி இறக்குன வண்டி, நீ பச்சைன்னு எழுதிக் குடுத்தது, இன்னும் எத்தன ஓடுது?"

அவள் ஓனரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டே வேலைக் கணக்கு ஃபைலை நீட்டினார். கிரீஸ் கையோடு ஃபைலைப் புரட்டினாள். ஐந்து வண்டி. முதல் நம்பரை அழுத்தினாள். நாலு தடவை மணி அடித்த பிறகு எடுத்தார்கள். பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது.

"அண்ணே, அலைன்மென்ட் பார்க்கறவ பேசறேன். வண்டி ஓட்டிட்டிருக்கீங்களா? மெதுவா ஓரங்கட்டி நிறுத்துங்க. நிறுத்தினதும் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்."