பூக்க விட்ட கிராம்பு

ஆப்பிரிக்கக் கரையோரத்துப் பெம்பாத் தீவில் ஒரு கிராம்பு மொட்டு விரிந்து பூவாகிவிட்டால் பழி மரத்துக்கு வராது, பறிக்கத் தவறியவளுக்குத்தான் வரும். பூத்த கிராம்பை யாரும் வாங்குவதில்லை. பதினோரு பருவமாக ஜோக்கா பறித்த மரத்தில் ஒரு பூகூட வெள்ளையாகத் தெரிந்ததில்லை. அதனால்தான் இந்த முறை முதல் வரிசை அவளுக்கு என்று மேஸ்திரி ஃபாகி சொல்லியிருந்தார். முதல் வரிசைக்காரி பேச்சைத்தான் மற்ற பெண்கள் கேட்பார்கள்.

பாதையோர மரத்தின் தாழ்ந்த கிளையைக் கொக்கியால் வளைத்தபோது கூடு கண்ணில் பட்டது. தேன்சிட்டின் கூடு. நாரும் காய்ந்த புல்லுமாக ஒரு சின்னப் பை, நான்கு மொட்டுக்கொத்துகளின் காம்பைச் சேர்த்துப் பின்னித் தொங்கியது. கொத்தை ஒடித்தால் கூடும் கையோடு வந்துவிடும். உள்ளே கண் திறக்காத இரண்டு குஞ்சுகள்.

நாத்தனார் பியூப்வா பக்கத்து மரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். “எடுத்து அடுத்த கிளையில மாட்டிவிடு அண்ணி. அதுக்கென்ன, கட்டிலும் பெட்டியும் தூக்கணுமா?”

மூன்று வருடம் முன்பு ஜோக்கா அப்படி மாட்டிப் பார்த்திருக்கிறாள். தாய்ப்பறவை பழைய இடத்தையே சுற்றிவிட்டுப் போய்விட்டது. குஞ்சுகள் பிழைக்கவில்லை. இந்த முறை நான்கு கொத்துகளை விட்டுவிட்டு மீதி மரத்தைத் துடைத்தாற்போல் பறித்தாள்.

ஆறாம் நாள் அந்தக் கொத்துகள் பூத்தன. கல்யாணப் பந்தலா என்று பாதையில் போன பெண்கள் கேட்டுச் சிரித்தார்கள். ஆண் சிட்டு கூட்டின் பக்கத்திலேயே தொங்கியபடி தேன் குடித்தது. புதிதாக வந்தவர்கள் பறித்த மரம் என்று சொல்லிவிடும்படி பியூப்வா காதில் ஓதினாள்.

ஃபாகி எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, யார் மரம் என்று கேட்டார்.

“என் மரம். தெரிஞ்சேதான் விட்டேன்,” என்றாள் ஜோக்கா.

அவர் கூட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஜோக்காவை மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். “பாவம்தான், ஓமர் அம்மா. ஆனா உன்னைப் பார்த்து நாளைக்கு இருபது பேர் ஆளுக்கு நாலு கொத்து விடுவாங்க. முதல் வரிசையைப் பியூப்வா பார்த்துக்கட்டும்.”

“பார்த்துக்கட்டும். இந்தக் கொத்தை மட்டும் யாரும் தொடக் கூடாது.”

“தொட மாட்டாங்க.”

“ஒரு சிட்டுக்காக என்னை இத்தனை பேரை மேய்க்கிற பொம்பளையாக்கிட்டியே,” என்று பியூப்வா முனகினாள்.

ஜோக்காவுக்குக் கிடைத்த கடைசி வரிசை சதுப்பு நிலத்தை ஒட்டிய சரிவில் இருந்தது. அவள் ஏணியை மரத்தில் சாய்த்தாள். அது வழுக்காதபடி அடியில் ஒரு கல்லை மிதித்துப் பதித்துவிட்டு, ஏறினாள்.