மாமியார் பக்கம் மட்டும் மங்கல்

அவர் செய்வது கேமரா பழுது பார்க்கும் வேலைதான். ஆனால் யாராவது 'மெக்கானிக்' என்று கூப்பிட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஒளியியல் நிபுணர் என்று சொல்ல வேண்டும். வீட்டில் 'புரொபசர்' என்பார்கள், அதுவும் அவர் காதில் விழாதபோது.

விருந்துக்கு வந்த இரண்டு வீட்டாரையும் கூடத்தில் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார். திரையில் போட்டுப் பார்த்தால், வலப்பக்கம் நின்ற அவருடைய அக்காவின் கம்மல் திருகாணிகூடப் பளிச்சென்று தெரிந்தது. இடப்பக்கம் நின்ற மாமியார் குடும்பமோ கொதிக்கிற பானைக்குப் பின்னால் நிற்பதுபோல் அலையாடியது.

"எங்கம்மாவுக்கு மூஞ்சியே இல்ல," என்றாள் மனைவி. "வேணும்னே பண்ணியிருக்கீங்க."

"அது ஒரு கலைநயம்..."

"அந்த நயம் உங்கக்கா மேல ஏன் படல? நான் அம்மாகூடவே கிளம்புறேன்." உள்ளே போய்ப் பையில் துணி அடுக்கினாள்.

புரொபசருக்குக் காரணம் புரிந்துவிட்டது. முந்தின நாள் லென்ஸைப் பிரித்துத் துடைத்தவர் அவர்தான். உள்ளே ஒரு கண்ணாடி மூன்று திருகுகளில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் வெங்காயத் தோல் கனத்தில் ஒரு பித்தளை வளையம். திருப்பி மாட்டும்போது ஒன்றைக் காணோம். 'இதெல்லாம் ஒரு கனமா' என்று விட்டுவிட்டார். துல்லியத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற வாய்தான். கண்ணாடி மயிரிழை சாய்ந்ததில் பாதிச் சம்பந்தம் கவிழ்ந்துவிட்டது.

"குத்தம் லென்ஸ் மேல. நிரூபிக்கிறேன், எல்லாரும் அப்படியே நில்லுங்க." கேமராவைத் தலைகீழாகப் பிடித்து இன்னொன்று எடுத்தார். சாய்வும் கூடவே திரும்பியது. இப்போது மாமியார் பளிச், அக்கா புகை.

எட்டிப் பார்த்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. "பொண்டாட்டி சொல்லிக் குடுத்தாளாடா?"

இனி வளையம்தான் கதி. மேஜைக்கு அடியில் தவழ்ந்து, இழுப்பறைகளைக் கொட்டி, கடைசியில் தன் டீ டம்ளரின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார். மாட்டிவிட்டு, மனைவியையும் சேர்த்து எல்லாரையும் மறுபடி நிறுத்தினார். மூன்றாவது படம் மூலைக்கு மூலை கத்திபோல் கூர்மை. மாமியாரின் சாயம் போன வகிடு, அக்காவின் இரட்டைத் தாடை, ஒன்றும் தப்பவில்லை.

மாமியாரும் அக்காவும் திரைக்கு அருகில் வந்து குனிந்து பார்த்தார்கள்.

"மாப்பிள்ளை," என்றார் மாமியார், "எனக்கு அந்த மொத படமே போதும்."

"எனக்கு ரெண்டாவது," என்றாள் அக்கா.

கல்யாணம் ஆன நாளிலிருந்து இரண்டு வீடும் ஒரே கட்சியானது அன்றுதான். மனைவி திரையை உற்றுப் பார்த்தாள். நடுவில் அவளும் இருந்தாள், கண்ணுக்கடியில் கருவளையத்தோடு. உள்ளே போய்ப் பையிலிருந்த துணியை அலமாரியில் திருப்பி வைத்துவிட்டு வந்தாள்.

"ஏங்க, அந்த வளையத்த மறுபடியும் தொலைக்க முடியுமா?"