தங்க அஞ்சலில் வந்த பொதி

தபால்காரி பூருல் மறுபடியும் படித்துப் பார்த்தாள். வண்டியில் இருந்த பொதியின் மேல், உள்ளே என்ன இருக்கிறது என்று குறிக்கும் இடத்தில், ‘இறந்தவரின் உடைமைகள்’ என்று எழுதியிருந்தது. அனுப்பியவன், மாஸ்கோவுக்கு வேலைக்குப் போன இந்த ஊர்ப் பையன் எர்மெக்கோடு அங்கே ஒரே அறையில் தங்கியிருந்தவன். போனில் சொல்ல அவனுக்கு நா எழவில்லை போலும், காசு கட்டித் தங்க அஞ்சலில் போட்டுவிட்டான். பெறவேண்டியவள் எர்மெக்கின் தாய் சோனுன்.

தங்க அஞ்சல் என்பது தபால்காரர்களுக்கு வந்த புதுப் பவிசு. கூடுதல் காசு கொடுத்தால் தபால் பறக்கும். பெறுபவர் கையில்தான் கொடுக்கவேண்டும். பொதி எங்கே, உள்ளே என்ன, ஏன் தாமதம் என்பதெல்லாம் தானாகவே அவர் போனுக்குப் போய்விடும். நகரத்தில் பயிற்சி கொடுத்தவர்கள் இதைச் சொல்லி மார்தட்டினார்கள்.

இந்த மலையூரில் சாவுச் செய்தியை யாரும் மொட்டையாகச் சொல்வதில்லை. பெரியவர்கள் கூடிப்போய், பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றிவளைத்துத்தான் சொல்வார்கள். அதுவரை ஊரே வாயைக் கட்டிக்கொள்ளும்.

பூருல் சோனுன் வீட்டைத் தாண்டி வண்டியை விரட்டினாள். வழி தவறிவிட்டதாக அவள் போன் கத்தத் தொடங்கியது. “வாயை மூடு, சனியனே!” என்று அதைப் பைக்குள் திணித்தாள்.

அசன்பெக் பெரியவர் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்னடி, பேய் துரத்துதா? தங்க அஞ்சல்காரி இப்படி வேர்த்து வழியுறியே!”

“பெரியப்பா, நம்ம எர்மெக் போயிட்டான். சோனுன் அக்காவுக்கு இன்னும் தெரியாது. சீக்கிரம் ஆளுங்களைக் கூட்டுங்க.”

அவர் புல்லைக் கீழே போட்டுவிட்டுத் தொப்பியைத் தேடினார்.

ஒரு பெரியவர் வயலில் இருந்தார், இன்னொருவர் கடையில். பூருலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பைக்குள் முனகிக்கொண்டே இருந்த போன் ஒருவழியாக அடங்கியது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

எல்லோருமாகப் போய்ச் சேர்ந்தபோது சோனுன் வாசலில் நின்றிருந்தாள். முன்னால் ஓடிய பூருல், அவள் கையிலிருந்த போனைப் பார்த்துவிட்டாள்.

‘இறந்தவரின் உடைமைகள் அடங்கிய உங்கள் பொதி தாமதமாகிறது. வருந்துகிறோம்.’

பூருல் தன் பைக்குள் திணித்த போனை நினைத்தாள். நேரே வந்து கொடுத்திருந்தால் பக்கத்தில் நான் ஒருத்தியாவது இருந்திருப்பேனே! பாவி, தனியாக நின்று படிக்க வைத்துவிட்டேனே!

சோனுன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டாள். பெரியவர்களை உள்ளே அழைத்தாள், விரிப்பை விரித்தாள், ரொட்டி கொண்டுவந்து வைத்தாள். அசன்பெக் தொண்டையைச் செருமிக்கொண்டு, கணவாயில் இந்த வருஷம் விழுந்த பனியைப் பற்றிப் பேச்சை ஆரம்பித்தார். அவர் குரல் உடைந்தது.

சோனுன் பூருலின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“மெதுவா சொல்லுங்க, பெரியவரே,” என்றாள். “எனக்கு ஒண்ணும் தெரியாது.”