ஞானசிங்கைத் தேடி வந்த அம்பு

ஞானசிங்கைக் குறிவைத்து விட்ட அம்பு அவனிடம் வந்து சேரப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதின் பெருவெள்ளம் வடிந்த மறுமாதம், ஆயிரத்து நூறு ஆவணியில், வேளிமலை அடிவாரத்துப் பன்றிவிளை ஊற்றங்கரையில் அவன் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தபோது, மேலே பாறைப் புதருக்குள் நாண் அதிர்கிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தான். ஓர் அம்பு புதரை விட்டு வெளியே வந்து, அந்தரத்தில் நத்தை ஊர்கிற வேகத்தில் அவனை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவன் விலகினான். அம்பும் முனையைத் திருப்பிக்கொண்டது. ஆட்கள் ஏறி அதை வெட்டிப் பார்த்தார்கள், வெட்டுக்கத்திகள்தான் வாய் மடங்கின. அந்த வருடம் நெல் விலை ஏறியது, பன்றி இறங்கி மரச்சீனிக் கிழங்கை அடியோடு தோண்டிப் போட்டது, ஞானசிங்குக்கு ஓர் அம்பு வருகிறது என்று சந்தையில் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் பேசிக்கொண்டார்கள்.

துப்பாக்கிக்கு உத்தரவு பெரிய வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும் என்பதால், அந்தப் பக்கத்தில் பன்றி விரட்ட எல்லா வீட்டிலும் வில் இருந்தது. வில்லில் பிடிக்கு மேலே, அம்பு உட்கார்ந்து உரசிப் போகிற இடம்தான் முதலில் தேயும். அந்த இடத்துக்குத் தோல் ஒட்டிக் கொடுப்பவள் தாணம்மாள். தேய்மானத்தைப் பார்த்தே, ஆள் எப்படி நிற்கிறான், எந்தக் கையால் இழுக்கிறான், அவன் அம்பு எந்தப் பக்கம் விலகும் என்பதைச் சொல்லிவிடுவாள். அவள் கணவன் வைகுண்டராஜனின் விளைநிலமும் ஞானசிங்கின் விளையும் அந்த ஊற்றில்தான் முட்டிக்கொண்டன. ஊற்று யாருக்கு என்று இரண்டு பேரும் ஏற்கெனவே ஒருவரையொருவர் மண்வெட்டிக் காம்பால் அடித்திருந்தார்கள். அதனால் அம்பை விட்டது யார் என்று யாரும் யோசிக்கவில்லை.

விளக்கு வைப்பதற்குள் ஞானசிங்கும் அவன் தம்பி ஞானையனும் ஆட்களோடு வந்தார்கள். தாணம்மாளைத் தூணோடு சேர்த்துக் கட்டினார்கள். வைகுண்டராஜனை முற்றத்துப் பலாக்குற்றிக்கு இழுத்துப்போய், தோளை ஞானசிங் முட்டுக்கால் கொடுத்து அமுக்கிப் பிடித்தான். நாண் இழுக்கிற கை இதுதானே என்று கேட்டு, ஞானையன் இடது கையில் பிடித்திருந்த வெட்டுக்கத்தியால் வலது மணிக்கட்டை இரண்டாம் வெட்டில் எடுத்தான். முதல் வெட்டு எலும்பில் நின்றுவிட்டது. கட்டவிழ்த்ததும், கொதிக்கிற தேங்காயெண்ணெயில் அந்த மொட்டைக்கையை முக்கியது தாணம்மாள்தான். வேறு யாரும் அதற்குத் துணியவில்லை. வைகுண்டராஜனின் பங்காளிகள் ஓணத்துக்குள் ஞானசிங்கின் ஆட்களில் ஒருவனை வாழைத்தோட்டத்தில் குத்திக் கொன்றார்கள். அதற்குப் பதிலாக வைகுண்டராஜன் பக்கத்தில் ஒரு வீடு ஆளோடு எரிந்தது. மூன்று வருடம் இப்படி நடந்தது. இத்தனைக்கும் நடுவில் அம்பு நத்தையை விடவும் மந்தமாகி, ஒரு தென்னை உயரத் தூரம்தான் நகர்ந்திருந்தது. அதன் மேல் மீன்கொத்தி உட்காரும், மழையில் அதன் இறகு நனையும்.

மூன்றாம் வருடக் கோடையில் பாறைப் புதர் தீப்பிடித்து அணைந்தபோது, கல்லிடுக்கில் திணித்து வைத்த ஒரு வில் கிடைத்தது. ஊர்க்கூட்டத்தில் ஞானையன் அதைத் தூக்கிக் காட்டினான்.

"வைகுண்டராஜனுக்க வில்லு. இனி என்ன சாட்சி வேணும்?"

தாணம்மாள் எழுந்து வந்து வில்லை வாங்கினாள். வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். தோல் தேய்ந்திருந்தது இடது விலாவில் இல்லை, வலது விலாவில். வலதுகைக்காரன் இடது கையில் வில்லைப் பிடிப்பான், அம்பு இடது பக்கம் உரசிப் போகும். இந்த வில்லை ஒருவன் வருடக்கணக்காக வலது கையில் பிடித்திருந்தான். தேய்ந்த தடத்துக்கு வெளியே, விளிம்பில், இறகு அடித்து அடித்து விழுந்த இன்னொரு வடுவும் இருந்தது. அவள் அதை விரலால் தடவினாள், அதைப்பற்றி அப்போது எதுவும் சொல்லவில்லை.

"இது எனக்க மாப்பிள வில்லு இல்ல. இடதுகைக்காரன் வில்லு. தோலு நான் ஒட்டினதுதான். வெள்ளத்துல போச்சுன்னு ஒருத்தன் சொன்னான் இல்லியா, அந்த வில்லு."

ஊரில் இடதுகைக்காரன் ஒருவன்தான். பிள்ளையில்லாத அண்ணன் செத்தால் ஊற்றும் விளையும் அவனுக்குத்தான் வரும். ஞானையன் இடுப்புக் கத்தியை உருவிக்கொண்டு தாணம்மாள் மேல் பாய்ந்தான். அவன் அவளை எட்டுவதற்குள் ஞானசிங் குறுக்கே வந்தான்.

"ஏலே, நீயாலே?"

ஞானசிங் அந்தக் கத்தியைப் பிடுங்கி, தம்பியின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறக்கினான். அதன் பிறகும் நிறுத்தவில்லை. நாலு பேர் இழுத்தும் அவன் கை ஓயவில்லை. தாணம்மாளின் சேலையில் தெறித்தது துவைத்தும் போகாததால் அவள் அதை எரித்துவிட்டாள்.

கோர்ட்டு அவனைத் திருவனந்தபுரம் ஜெயிலுக்கு அனுப்பியது. அம்பும் கொஞ்சம் வேகம் கூட்டிக்கொண்டு, கல்குளம், பாறசாலை வழியாகப் போய் ஜெயில் சுவரில் முட்டி நின்றது. சுவர் அரிபட்டு ஓட்டை விழத் தொடங்கும்போதெல்லாம் அதிகாரிகள் அவனை வேறு அறைக்கு மாற்றினார்கள், அம்பு மறுபடியும் புதுக் கல்லில் தொடங்கியது. மகாராஜா திருநாள் தள்ளுபடியில் விடுதலையாகி அவன் ஊர் திரும்பியபோது அது ஒரு காக்கை பறக்கிற வேகத்துக்கு வந்திருந்தது. அவன் ஓடிப் பார்த்தான். கடியப்பட்டணத்தில் கட்டுமரம் ஏறினான், அம்பு அலைக்கு மேலே திரும்பி வந்தது. ஆடி பிறந்தபோது அவன் கால் வீங்கி, மயிர் நரைத்து, வைகுண்டராஜனின் வேலிப்படலுக்கு வெளியே வந்து நின்றான்.

"மைனி," என்றான். அண்ணி என்கிற அந்த முறை சொல்லி அவன் அவளை அழைத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. "அந்த வில்லுல வேற என்ன பாத்திய? அது எங்கோடி வரும்?"

தாணம்மாள் மரச்சீனிக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவனின் மொட்டைக்கை அவன் மடியில் கிடந்தது. அந்தத் தோளை அமுக்கிய முட்டுக்கால் இப்போது வேலிக்கு வெளியே வீங்கி நிற்பதைப் பார்த்தாள். மாற்றிச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஒரு வில்லைப் பற்றிப் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"இறகு வில்லுல அடிச்சுட்டுப் போவுத வில்லு அது. அதுனாலதான் உமக்க தம்பிக்கு ஒரு பன்னியும் விழல்ல. ஒரு சாண் விலகும். ஓடாதேயும். அது வரும்போ அசையாம நில்லும். உமக்க இடது பக்கமா போயிரும்."

"உள்ளதா?"

"உள்ளது."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு வைகுண்டராஜனின் மொட்டைக்கையைப் பார்த்தான்.

அம்பு அன்று நடுப்பகலில் வந்தது. ஊற்றங்கரையில் ஊரே கூடியிருந்தது. வேளிமலைச் சரிவில் வெயில் பட்டு முனை மின்னியதும் எல்லோரும் ஒதுங்கினார்கள். ஞானசிங் நெஞ்சை நிமிர்த்தி அசையாமல் நின்றான். பத்தடி இருக்கும்போது அவன் கண் ஒரு தடவை தாணம்மாளிடம் போனது. அவள், நில்லும் என்று கையைக் காட்டினாள். கை வெட்டுப்பட்டவன் பெண்டாட்டி தனக்கு எதற்கு உயிர்ப்பிச்சை கொடுக்கப்போகிறாள் என்று அந்த நொடியில் அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவன் இடது பக்கம் ஓரடி எடுத்து வைத்தான். அம்புக்கு முனையைத் திருப்ப நேரமில்லை, அவள் சொன்ன இடத்தில்தான் போனது. அது அவன் மார்பைத் துளைத்து, முதுகு வழியாக ரத்தத்தோடு வெளியே வந்து, மறுபடியும் நத்தை வேகத்துக்குத் தணிந்தது. அவன் ஊற்றில் முழந்தாளிட்டான். தாணம்மாள் ஓடிப்போய்த் தலையைத் தாங்கினாள்.

"உள்ளதத்தான் சொல்லியிருக்கிய, மைனி," என்று மட்டும் சொன்னான்.

அந்தி சாய்ந்து வீட்டுக்கு வந்ததும், அவள் இரண்டு கைகளையும் கழுவிக்கொண்டே இருந்தாள். வைகுண்டராஜன் பின்னால் வந்து நின்றான்.

"வலது பக்கம்னு நீ பொய்யச் சொல்லியிருந்தா அவன் பிழைச்சிருப்பான்."

"ஆமா," என்றாள் தாணம்மாள்.

ஊற்றைப் பிறகு இரண்டு விளைக்கும் பொதுவாக விட்டார்கள். அம்பு தென்கிழக்காக நகர்ந்துகொண்டிருந்தது. நாகர்கோவில் வண்டிப்பாதைக்கு மேலே ஆள் உயரத்தில் அது வந்த வருடம், வடசேரிச் சந்தைக்குச் தலைச்சுமடு கொண்டுபோகிற பெண்கள் அந்த இடத்தில் மட்டும் ஓலைக் கடவத்தை இறக்கி இடுப்பில் வைத்து, சற்றுக் குனிந்து, பேச்சை நிறுத்தாமலேயே கடந்து போனார்கள்.