போட்டுக் கொடுத்தது யார்?

என் வீட்டுக்காரர் சிலுவைமுத்து போட்டுக் கொடுக்கிற ஆளா? என் அண்ணன் மேத்யூ அப்படித்தான் நினைத்தான். நினைத்ததோடு விடாமல், காசிமேட்டில் நாலு பேர் எதிரில் அவரைப் படகிலிருந்து இறக்கியும் விட்டான்.

விஷயம் இதுதான். கடலுக்கடியில் மீன் அடைகிற பாறையைப் பார் என்போம். அப்படி ஒரு பார் இருக்கும் இடம் அண்ணனுக்கும் இவருக்கும் மட்டும்தான் தெரியும். மற்ற நாளெல்லாம் வலை. பாருக்குப் போகிற நாளில் தூண்டில். அந்த முடிவை வீட்டுக்குள் குசுகுசுவென்றுதான் பேசுவார்கள். ஆனாலும் அந்த நாள் பார்த்து, அடுத்த படகுக்காரர் சவரிநாதனின் படகு பின்னாலேயே வரும். இடத்தைக் காட்ட முடியுமா? வெறும் படகோடு திரும்புவார்கள். இவர் முன்பு சவரிநாதனிடம் வேலை செய்தவர். போதாதா!

அதிலிருந்து நான் உள்ளே நுழைந்தாலே அண்ணி பேச்சை மாற்றினாள். நேற்று காலை நேராகப் போய்ச் சண்டையை ஆரம்பித்தேன்.

"இன்னாண்ணா, நீ தூண்டில் எடுக்கறன்னு அவர்தான் போய் சொன்னாரா? நீ பாத்தியா?"

"நீ சும்மா கெட அடைக்கலம்."

வாசலில் படுத்திருந்த அண்ணனின் நாய் ரோசி சட்டென்று எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டே தெருவில் இறங்கி ஓடியது. எனக்குச் சுருக்கென்றது.

"அது எங்க ஓடுது?"

"படகாண்ட தூண்டிலுக்கு மத்தி நறுக்கசொல்லோ அதுக்கு வாலு துண்டு போடுவேன். அதான், தூண்டில்னு காதுல வுழுந்தாலே..." அண்ணன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

பின்னாலேயே போனோம். ரோசி நேராக அண்ணன் படகுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அடுத்த படகிலிருந்த சவரிநாதன் எங்களைக் கவனிக்கவில்லை. "டேய், மேத்யூ நாயி வந்து குந்திகினுகீது! இன்னிக்கு தூண்டில்தான். டீசல் ஊத்துங்கடா!" என்று கத்தினார்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். வீட்டில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சந்தேகப்பட்டான், பாவி. காலடியில் கிடந்த நாயை மட்டும் விட்டுவிட்டான்.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தான். "தப்பு நடந்துபோச்சு மச்சான். நாளைக்கு படகுக்கு வந்துடு."

இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "சவரி கூப்ட்டாரு. வரேன்னு சொல்லிட்டேன்."

அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. "அவன் படகுலயா? பாரு எங்க கீதுன்னு உனக்குத் தெரியுமே!"

"தெரியும். சாவுற வரைக்கும் சொல்ல மாட்டேன்." இப்போதுதான் இவர் நிமிர்ந்தார். "நம்புறியா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நம்புறேன்னு சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.