மனுவுக்கு ஒரு முகம்

எங்கள் அலுவலகத்தில் "முகம்" என்றொரு சொல் புழங்கும். மின்சார நிறுவனத்தின் மீதோ மருத்துவமனையின் மீதோ ஒரு மனு தயாரானதும், செயலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்பார்: "சரி, இதுக்கு முகம் யாரு?" சட்டப் பிரிவுகளைப் பார்த்து எந்த ஆணையமும் மனம் இளகுவதில்லை. எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து, எனக்கு இப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். அந்த ஆளைக் கண்டுபிடிப்பதும் விசாரணைக்குத் தயார் செய்வதும் என் வேலை. நுகர்வோர் சங்கத்தில் சேர்ந்த நாள் முதல் அதைத்தான் செய்துவந்தேன்.

நன்றாகவே செய்தேன். வருகிறவர்களை ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்து, முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அவர்கள் திட்டி முடிக்கும்வரை காத்திருப்பேன். பிறகு சொல்லிக்கொடுப்பேன். "கோபம் வந்தா மேஜையைப் பாருங்க, அவங்க மூஞ்சியைப் பார்க்காதீங்க. அழுகை வந்தா அழுதுடுங்க, ஆனா அழுதுட்டே பேசாதீங்க, எழுதறவருக்குக் கேக்காது. ஏன்னு கேட்டா ஒரே வரியில பதில் சொல்லுங்க. ரெண்டாவது வரியிலதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க."

வீட்டில் இதைச் சொன்னால் தம்பி சிரிப்பான். "நீ சங்கத்துல இருக்கியா, நாடகக் கம்பெனியில இருக்கியாக்கா?"

அவன் கார் பட்டறையில் பெயின்ட் அடித்தவன். நுரையீரல் முழுக்கத் தழும்பேறிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு என்னோடு வந்துவிட்டான். மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். அது இருபத்துநாலு மணி நேரமும் உறுமிக்கொண்டே இருக்கும். நான் கல்யாணம் செய்துகொள்ளாததால் வீட்டுக்கு வராமல் போன உறவை அவன் அதற்குக் கொடுத்திருந்தான்: வீட்டோட மாப்பிள்ளை. "வேலைக்கும் போறதில்ல, விடிய விடியக் குறட்டை, கரண்ட் பில்லு மட்டும் எகிறுது. ஆனா கோவிச்சுக்கிட்டா வீடே அல்லாடிப்போகும், பார்த்துக்க."

ஒரு நாள் காலையில் மாப்பிள்ளை கோபித்துக்கொண்டது. மழையும் இல்லை, காற்றும் இல்லை. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். உறுமல் நின்றதும் ஏற்பட்ட அமைதியில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூடத் துல்லியமாகக் கேட்டது.

அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரை மாட்டினேன். இருந்தது ஒன்றுதான். ஒரு நோயாளிக்கு ஒரு சிலிண்டருக்கு மேல் தர மாட்டோம் என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரித்திருந்தது. அதை எதிர்த்து நான் கொடுத்த புகார் அப்போதும் நடந்துகொண்டிருந்தது.

எங்கள் வீடு மூன்றாம் மாடியில். லிஃப்டும் நின்றுவிட்டது. மருத்துவமனைக்குப் போவதென்றால் தம்பியை நாற்காலியில் வைத்துப் படிப்படியாகத் தூக்கி இறக்க வேண்டும். முன்பு ஒருமுறை அப்படி இறக்கியபோதே உதடெல்லாம் நீலம் பாய்ந்து, உயிர் போய் உயிர் வந்தது. சிலிண்டர் தாங்குகிற நேரத்துக்குள் மின்சாரம் வருமென்றால் காத்திருக்கலாம். வராதென்றால் சிலிண்டரில் காற்று இருக்கும்போதே, தெம்பாக இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். எப்போது வரும் என்ற ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்தால் போதும்.

மின்சார நிறுவனத்துக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். சின்னக் குரல்.

"லைன்ல வேலை நடக்குதுக்கா. அரை மணி நேரத்துல வந்துடும்."

"வீட்டுல ஆக்சிஜன் மெஷின்ல ஆள் இருக்கும்மா. சரியா சொல்லு."

"ஐயோ, அப்படியாக்கா? பயப்படாதீங்க. அரை மணி நேரம்தான்."

தம்பி கையால் "என்னவாம்?" என்றான். சொன்னேன். குழாயைச் சரிசெய்துகொண்டு, "யாரோட அரை மணி நேரம்? உன்னுதா, அவங்களுதா?" என்றான்.

மறுபடி போன் செய்தேன். அதே பெண். அதே அரை மணி நேரம். மூன்றாவது முறை, "இப்பதான் கேட்டேன்கா, முடிச்சிட்டாங்களாம், அரை மணி நேரத்துல கண்டிப்பா வந்துடும்" என்றாள். ஒவ்வொரு முறையும் இறக்குவதா வேண்டாமா என்று கதவருகே போய் நின்றேன். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டபோது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். குறை சொல்லக் கூடாது, உடனே வந்தார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாற்காலியை வளைக்கும்போது தம்பி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். முதல் மாடி வருவதற்குள் பிடி விட்டுப்போயிருந்தது.

மின்சாரம் பொழுது சாயும்போது வந்ததாம். நான் மெஷினின் சுவிட்சை அணைக்காமல் போயிருந்தேன். யாருமில்லாத வீட்டில் அது தானாகக் கிளம்பி, நான் திரும்பி வரும்வரை உறுமிக்கொண்டிருந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

மறுபடி வேலைக்குப் போன அன்று செயலாளர் என்னை ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்தார். முதலில் தண்ணீர் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இஷ்டமில்லைன்னா வேண்டாம்மா," என்றார். "மெஷின் இருக்கற வீடுகளுக்குத் தப்பான நேரம் சொன்னா நிறுவனம்தான் பொறுப்பு, அப்படின்னு ஒரு மனு போடலாம்னு இருக்கோம். ஆனா முகம்..."

"நான்தான் சார். எனக்குச் சொல்லிக்கொடுக்கற வேலை உங்களுக்கு மிச்சம்."

சங்கத்துக்கு அந்த விதி வேண்டியிருந்தது. எனக்கு ஒரு வரி வேண்டியிருந்தது. அரை மணி நேரம் என்று சொன்னார்கள், அது பொய், அந்தப் பொய்யை நம்பியதால் ஒருவன் போய்விட்டான் என்று ஆணையத்தின் உத்தரவில் எங்காவது எழுதியிருக்க வேண்டும். மருத்துவமனையில் தந்த சான்றிதழில் நுரையீரல் என்று மட்டும்தான் இருந்தது.

விசாரணை அறையில் எப்போதும்போல ஏசி விறைக்க வைத்தது. முகங்களிடம் நான் சால்வை எடுத்துவரச் சொல்வேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ள மறந்துவிட்டேன். ஆணையத்தின் தலைவர் என்னைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில், "வாங்கம்மா, இன்னிக்கு யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்றார்.

"என்னைத்தான் சார்."

அவர் காகிதங்களைப் புரட்டினார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

நடந்ததைச் சொன்னேன். மேஜையைப் பார்த்துச் சொன்னேன். அழவில்லை. எழுதுகிறவருக்குக் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். நான் தயார் செய்தவர்களில் ஒருவர்கூட அவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை. பின்வரிசையில் செயலாளர் தலையாட்டுவது தெரிந்தது.

மின்சார நிறுவனத்தின் வக்கீல் எழுந்தார். அனுதாபம் தெரிவித்தார். அது உண்மையான அனுதாபம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

"ஐஸ்கிரீம் கடைக்காரர் ஒருத்தருக்காக ரெண்டு வருஷம் முன்னாடி உங்க சங்கம் எங்க மேல ஒரு மனு போட்டுச்சு. அதை எழுதினது நீங்கதானேம்மா?"

"ஆமா."

"ஒரு பகுதியைப் படிக்கறேன். 'மின்சாரம் திரும்பும் நேரம் குறித்து நிறுவனம் தரும் தகவல் எப்போதுமே பொய்யாக இருக்கிறது. விவரம் தெரிந்த எந்த நுகர்வோரும் அதை நம்புவதில்லை.' உங்க வார்த்தைதானே?"

"ஆமா."

"நீங்க விவரம் தெரிஞ்சவங்க. உங்களைவிட விவரம் தெரிஞ்ச நுகர்வோர் இந்த அறையிலயே கிடையாது. அப்புறம் ஏன் நம்பினீங்க?"

ஏன் என்று கேட்டால் ஒரே வரி. "அந்தப் பொண்ணு ரொம்ப அன்பா சொன்னா," என்றேன்.

வக்கீல் எதுவும் பேசாமல் நின்றார். அதுவும் எனக்குத் தெரிந்த உத்திதான். அவர்கள் மௌனமாக இருந்தால் நீங்களும் மௌனமாக இருங்கள் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

"என்னை அக்கான்னு கூப்பிட்டா," என்றேன்.

"நன்றிம்மா," என்றார் வக்கீல். பிறகு தலைவர் பக்கம் திரும்பி, "எங்க ஊழியர் வாடிக்கையாளர்கிட்ட மரியாதையாவும் அன்பாவும் நடந்துக்கிட்டதா மனுதாரரே சொல்றாங்க. அதைப் பதிவு பண்ணிக்கணும் சார்" என்றார்.

பதிவு செய்துகொண்டார்கள்.

உத்தரவு வர மழைக்காலம் ஆகிவிட்டது. மனுதாரர் அந்தத் தகவலின் தன்மையை முன்பே அறிந்தவர் என்பதால் ஏமாற்றப்பட்டதாகக் கருத முடியாது என்று இருந்தது. விவரமறியாத மற்ற நுகர்வோரின் நன்மைக்காக, இனி நேரம் சொல்லும்போது "உத்தேசமாக" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றும் இருந்தது. ஊழியரின் அன்பான நடத்தைக்கு ஒரு முழு வரி. நான் கேட்ட வரி இல்லை.

"பாதி ஜெயிச்சிட்டோம்மா," என்றார் செயலாளர். "நேரம் தப்பா போகும்னு அவங்க வாயாலயே ஒத்துக்கிட்ட மாதிரிதானே இது? பத்திரிகைக்கு நாலு வரி எழுதிக் குடு. உன்ன மாதிரி யாருக்கும் எழுத வராது."

எழுதிக் கொடுத்தேன். நுகர்வோருக்குக் கிடைத்த முக்கியமான வெற்றி என்று எழுதினேன். அச்சில் வந்தபோது என் தம்பி அதில் "ஒரு நோயாளி" என்று இருந்தான். அப்படித்தான் எழுதுவோம். நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

மெஷினை வாடகைக்குக் கொடுத்த கம்பெனியிலிருந்து ஆள் வந்து, அதைத் துடைத்து, ஒயரைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. வீட்டில் நான் மட்டும்தான். எந்த அவசரமும் இல்லை. ஆனாலும் கை தானாக அந்த எண்ணை அழுத்தியது. எடுத்தது அதே பெண். குரலை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும்.

"லைன்ல வேலை நடக்குது மேடம். உத்தேசமா அரை மணி நேரம் ஆகும்."

"முன்னெல்லாம் அக்கான்னு கூப்பிடுவியேம்மா."

"அப்படியெல்லாம் கூப்பிடக் கூடாதுன்னு ஆர்டர் போட்டிருக்காங்க மேடம். ஏதோ கேஸ் ஆயிடுச்சாம்."

"சரிம்மா."

"வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

"வேண்டாம்."

போனை வைத்துவிட்டுத் தம்பியின் கட்டிலில் உட்கார்ந்தேன். மெழுகுவத்தி தேடத் தோன்றவில்லை. சொன்ன நேரத்தில் கரண்ட் வராது என்று எனக்குத் தெரியும். நான் விவரம் தெரிந்தவள், உத்தரவிலேயே எழுதியிருக்கிறார்கள்.

அன்றைக்கு வந்துவிட்டது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.